யார் ஆரம்பிச்சது?

போன மாசம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம். நான் சமையலறையில் வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். மகள் (எட்டாம் வகுப்பு) சோபாவில் தலைகீழாகப் படுத்தபடி 1978-ல் வந்த ஓர் அமெரிக்க சீரியலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பேர் 'பேட்டில்ஸ்டார் கேலக்டிகா'. மனிதர்களுக்கும் சைலான் என்கிற இயந்திரப் படைக்கும் நட்சத்திரங்களுக்கு நடுவே நடக்கும் ஆயிரம் வருஷச் சண்டை.

"அப்பா, ஆயிரம் வருஷமா அடிச்சுக்கறாங்களே, இதை யார் ஆரம்பிச்சது?"

"மெஷின்தான்மா."

"மெஷினை யார் செஞ்சா?"

வெண்டைக்காயோடு சேர்த்து விரலையும் கொஞ்சம் நறுக்கிக்கொண்டேன். ஏன் என்று கடைசியில் சொல்கிறேன். நம் பிழைப்பு பொட்டி தட்டுவது. பதினெட்டு வருஷமாகப் புனேயில் ஆணி புடுங்குகிறேன். அதனால் இந்தக் கேள்வி எனக்குக் கொஞ்சம் நெருக்கமான கேள்வி. அவளுக்குப் பதில் தேடப் போய், நாலு வாரம் இதே வேலையாகி, கடைசியில் பதில் நான் குடியிருக்கும் ஊரிலேயே கிடைத்தது. அந்தக் கதைதான் இது. கொஞ்சம் நீளம். டீ போட்டுக்கொண்டு வந்து உட்காருங்கள்.

இந்தப் போர் எங்கே தொடங்கியது என்று பார்த்தால், 1863-ல் நியூசிலாந்து கிறைஸ்ட்சர்ச்சில். சாமுவேல் பட்லர் என்ற இங்கிலாந்துக்காரர் அங்கே ஆட்டுப் பண்ணை வைத்திருந்தார். (நம்மை மாதிரி பிழைக்கப் போனவர்தான்!) உள்ளூர்ப் பத்திரிகைக்குப் புனைபெயரில் ஒரு கடிதம் போட்டார். டார்வினின் புத்தகம் வெளியாகி நாலே வருஷம் ஆன சமயம். உயிரினங்கள் மாதிரி இயந்திரங்களும் தலைமுறைக்குத் தலைமுறை வளர்கின்றன, அவற்றுக்குத் தீனி போட்டுத் துடைத்து வைக்கும் வேலைக்காரர்களாக நாம் ஆகிக்கொண்டிருக்கிறோம், இப்போதே எல்லாவற்றையும் அழித்துவிட வேண்டும் என்று எழுதினார். நீராவி இஞ்சினையும் கடிகாரத்தையும் பார்த்தே மனிதருக்கு அந்தப் பயம். 1872-ல் 'எரிவான்' என்ற நாவலில், இயந்திரங்களை உடைத்துப் போட்ட ஒரு நாட்டையே கற்பனை செய்தார்.

அடுத்தது செக்கோஸ்லோவாகியா. காரெல் சாப்பெக் எழுதிய 'ஆர்.யு.ஆர்.' நாடகம் 1920-ல் அச்சில் வந்து, 1921 ஜனவரியில் பிராகில் மேடையேறியது. ரோபோ என்ற சொல்லே அதிலிருந்துதான் வந்தது. சொல்லைக் கொடுத்தவர் சாப்பெக்கின் அண்ணன் யோசெஃப். செக் மொழியில் 'ரோபோட்டா' என்றால், பண்ணையாருக்குக் கூலியில்லாமல் செய்து கொடுக்க வேண்டிய கட்டாய வேலை.

இதைப் படித்தபோது நிமிர்ந்து உட்கார்ந்தேன். இதற்கு நம்மிடம் சொல் இருக்கிறதே! சோழர் காலக் கல்வெட்டுகளில் வரும் 'வெட்டி' இதுதான். ஊருக்காகவோ அரசனுக்காகவோ கூலியில்லாமல் செய்ய வேண்டிய வேலை. இன்றைக்கு 'வெட்டி வேலை' என்றால் உருப்படாத வேலை என்று அர்த்தம் மாறிவிட்டது. மராட்டியில் இதையே 'வேட்பிகார்' என்கிறார்கள். ஆக ரோபோ என்றால் வெட்டியாள். சாப்பெக்கின் நாடகத்தில் அந்த வெட்டியாட்கள் ஒருநாள் எழுந்து, ஒரே ஒருவனை மட்டும் விட்டுவிட்டு மனித இனத்தையே முடித்துவிடுகிறார்கள். யார் ஆரம்பித்தது? கூலி கொடுக்காமல் வேலை வாங்கலாம் என்று கணக்குப் போட்ட தொழிற்சாலைக்காரர்கள். சாப்பெக்கிடம் பதில் தெளிவாகவே இருந்தது.

போர் விண்வெளிக்குப் போனதும் பதில் குழம்ப ஆரம்பித்தது.

1963-லிருந்து ஃப்ரெட் சேபர்ஹேகன் எழுதிய 'பெர்சர்கர்' கதைகளில், என்றோ இரண்டு அந்நிய இனங்களுக்குள் சண்டை. ஓர் இனம் உயிரையெல்லாம் அழிக்கும் இயந்திரங்களைச் செய்து அனுப்பியது. செய்தவனும் இல்லை, எதிரியும் இல்லை. இயந்திரங்கள் மட்டும் தங்களைத் தாங்களே பெருக்கிக்கொண்டு, உயிர் இருக்கும் கிரகங்களைத் தேடி அலைகின்றன. யார் ஆரம்பித்தது? யாரோ. நாம் இல்லை. நிம்மதியான பதில்.

1965-ல் ஃப்ராங்க் ஹெர்பர்ட்டின் 'டியூன்'. கதை நடப்பதற்குப் பத்தாயிரம் வருஷத்துக்கும் முன்னால், யோசிக்கும் இயந்திரங்களுக்கு எதிராக ஒரு பெரும் புனிதப் போர் நடந்து முடிந்திருக்கிறது. அதன் பெயர் 'பட்லேரிய ஜிகாத்'. (கிறைஸ்ட்சர்ச் பட்லர் ஞாபகம் வருகிறதா?) ஹெர்பர்ட் அதைப் பற்றிச் சொல்வது சில வரிகள்தான். மனிதர்கள் யோசிக்கும் வேலையை இயந்திரத்திடம் ஒப்படைத்தார்கள். கடைசியில் அந்த இயந்திரங்களை வைத்திருந்த வேறு மனிதர்களுக்கு அடிமையானார்கள். கவனியுங்கள், இயந்திரத்துக்கு அல்ல, இயந்திரத்தின் முதலாளிக்கு. ஹெர்பர்ட் போன பிறகு, அவர் மகனும் இன்னொருவரும் சேர்ந்து 2002-லிருந்து அந்தப் போரை மூன்று தடித்த புத்தகங்களாக எழுதினார்கள். அதில் ஆம்னியஸ் என்ற ஒரு கொடுங்கோல் இயந்திரம் பல கிரகங்களை ஆள்கிறது. முதலாளி பின்னால் போய்விட்டான், இயந்திரப் பேரரசு முன்னால் வந்துவிட்டது.

மகள் பார்த்த சீரியலில் மாற்றம் எதிர்த் திசையில் நடந்தது. 1978-ல் சைலான்களைச் செய்தது ஏதோ ஓர் ஊர்வன இனம். 2003-ல் அதே கதையைத் திரும்ப எடுத்தபோது, சைலான்களைச் செய்ததே மனிதர்கள் என்று மாற்றிவிட்டார்கள். வீட்டு வேலைக்கும் போருக்கும் செய்தார்களாம். கால் நூற்றாண்டில் பதில் "யாரோ"விலிருந்து "நாம்தான்" ஆகிவிட்டது.

இதுவரைக்கும் மேற்கு. இனி புனேக்கு வருவோம்.

2025 மே 20. ஜெயந்த் விஷ்ணு நார்லிகர் புனேயில் காலமானார். அன்று சாயங்காலம் கீழ்வீட்டு காகாவைப் பார்க்கப் போனேன். எங்கள் அபார்ட்மெண்ட்டில் எல்லோருக்கும் அவர் காகாதான். ராணுவ ஆய்வகம் ஒன்றில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கதவைத் திறந்தவர் ஒன்றும் பேசவில்லை. உள்ளே போய், அட்டை கிழிந்த ஒரு மராட்டிப் புத்தகத்தை எடுத்துவந்து கையில் வைத்தார். 'வாமன் பரத் ந ஆலா'. வாமன் திரும்பி வரவில்லை என்று அர்த்தம்.

"படிச்சுட்டு மேல பேசலாம்" என்றார் ஹிந்தியில்.

ஹிந்தி பிரச்சார சபா பரீட்சைக்காக அம்மா அடித்துப் படிக்க வைத்த எழுத்து அப்போதுதான் உண்மையாகவே உதவியது. எழுத்து கைகொடுத்தது, மராட்டி கொடுக்கவில்லை. பாதியை நானே படித்தேன், பாதியை காகா படித்துச் சொன்னார்.

நார்லிகரைத் தெரியாதவர்களுக்கு ஒரு சின்ன அறிமுகம். 1938-ல் கோலாப்பூரில் பிறந்து, காசியில் வளர்ந்து, கேம்பிரிட்ஜில் ஃப்ரெட் ஹாயிலின் மாணவரானார். 1964-ல் இருவரும் சேர்ந்து ஈர்ப்பு விசைக்குப் புதிய கோட்பாடு ஒன்றை வெளியிட்டார்கள். 1965-ல் பத்மபூஷண், வயது முப்பதுகூட ஆகவில்லை. 1972-ல் நாடு திரும்பி மும்பை டாடா ஆய்வு நிறுவனத்தில் சேர்ந்தார். 1988-ல் புனே பல்கலைக்கழக வளாகத்தில் ஐயூகா என்ற வானியல் மையம் அமைந்தபோது அதன் முதல் இயக்குநர். சார்லஸ் கொரியா வடிவமைத்த கட்டடம். பிப்ரவரி 28, தேசிய அறிவியல் தினத்தன்று பொதுமக்களை உள்ளே விடுவார்கள். ஒரு வருஷம் மகளைத் தோளில் தூக்கிக்கொண்டு போயிருக்கிறேன். கூட்டத்தில் தூரத்தில் அவர் நடந்து போனார். அவ்வளவுதான். பதினெட்டு வருஷம் ஒரே ஊரில் இருந்தும் பக்கத்தில் போய் வணக்கம் சொல்லவில்லை. ஹூம்.

இவர் கதை எழுத வந்ததே ஒரு கதை. 1974-ல் மராட்டி அறிவியல் பரிஷத் நடத்திய சிறுகதைப் போட்டிக்கு ஒரு கதை அனுப்பினார். தன் பெயரைப் பார்த்துப் பரிசு கொடுத்துவிடக் கூடாது என்று, தலைப்பெழுத்துகளைத் திருப்பிப் போட்டு 'நாராயண் விநாயக் ஜக்தாப்' என்று பெயர் வைத்துக்கொண்டார். கையெழுத்தும் தெரிந்துவிடக் கூடாதே! மனைவியைப் படியெடுக்க வைத்தார். மங்களா நார்லிகரும் லேசுப்பட்டவர் அல்ல, கணித அறிஞர். கதைக்கு முதல் பரிசு கிடைத்தது.

இயந்திரப் போருக்கும் இவருக்கும் என்ன சம்பந்தம் என்கிறீர்களா? அதற்கு அவருடைய குருவிடம் போக வேண்டும். ஹாயிலும் கதை எழுதுபவர். 1961-ல் பிபிசிக்காக இன்னொருவருடன் சேர்ந்து 'ஏ ஃபார் ஆண்ட்ரோமெடா' என்ற தொலைக்காட்சித் தொடரை எழுதினார். ஆண்ட்ரோமெடா திசையிலிருந்து ரேடியோ சிக்னல் வருகிறது. பிரித்துப் பார்த்தால், ஒரு கம்ப்யூட்டரை எப்படிக் கட்டுவது என்ற குறிப்பு. கட்டுகிறார்கள். பிறகு அந்தக் கம்ப்யூட்டர் தன் வேலையை ஆரம்பிக்கிறது. படை இல்லை, விண்கலம் இல்லை. நட்சத்திரங்களுக்கு நடுவிலான படையெடுப்பு ஒரு செய்முறைக் குறிப்பாக வந்து சேர்கிறது. பீரங்கியை நம் செலவில் நாமே செய்து நம் பக்கமே திருப்பி வைத்துக்கொள்கிறோம். அந்தத் தொடர் ஒளிபரப்பானபோது நார்லிகர் ஹாயிலிடம் ஆராய்ச்சி மாணவர்.

அப்படி ஒரு சிக்னல் வந்தால் கேட்பதற்குப் புனே பக்கத்திலேயே காது இருக்கிறது. நாசிக் சாலையில் நாராயண்காவ் தாண்டி கோடத் கிராமத்தைச் சுற்றி, ஒவ்வொன்றும் 45 மீட்டர் விட்டமுள்ள 30 ரேடியோ தட்டுகள். கட்டியவர் கோவிந்த் ஸ்வரூப். அதற்கு முன்னால் ஊட்டி மலைச்சரிவில் 530 மீட்டர் நீளத்துக்கு ரேடியோ தொலைநோக்கியை நிறுத்திவைத்ததும் அவர்தான். ஊட்டிக்கு ஸ்கூல் டூர் போனபோது அதைப் பார்த்து "எவ்வளவு பெரிய கொடிக்கம்பி" என்று சொன்னவன் நான் :-)

நார்லிகர் குருவின் கதையை வாங்கி ஒரு திருப்பம் வைத்தார். 80-களில் எழுதிய 'வாமன்' நாவலில் செய்தி வானத்திலிருந்து வரவில்லை. பூமிக்கடியிலிருந்து வருகிறது. ஒரு பரிசோதனைக்காக ஆழமாகத் தோண்டும்போது, என்றோ இங்கே வாழ்ந்து மறைந்த ஒரு நாகரிகம் விட்டுப்போன பேழை கிடைக்கிறது. உள்ளே அவர்களுடைய அறிவு. அதைப் பிரித்துப் படித்துக் கம்ப்யூட்டர் கட்டுகிறார்கள். அடுத்து மனிதனைப் போல ஒரு ரோபோ. அதற்கு வைக்கும் பெயர்தான் வாமன். எல்லாம் தெரிந்த, பணிவான வாமன். அதற்கு ஒரே ஓர் ஆசை, தன்னைப் போல இன்னும் செய்ய வேண்டும். பேழையை விட்டுப்போனவர்கள் எப்படி அழிந்தார்கள் என்பது மெல்லத்தான் தெரிகிறது. அவர்களும் ஒரு காலத்தில் இதே சலுகையைக் கொடுத்தவர்கள்தான். முடிவைச் சொல்ல மாட்டேன். ஒன்று மட்டும். மராட்டித் தலைப்பு வாமன் திரும்பி வரவில்லை என்கிறது. ஆங்கிலத்தில் அதே நாவல் வந்தபோது வைத்த தலைப்புக்கு அர்த்தம் 'வாமனின் திரும்பி வருகை'. எதை நம்புவது என்று காகாவைக் கேட்டேன். "படிக்கிறவனைப் பொறுத்தது" என்றார்.

வாமன் என்ற பெயரைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். குள்ளமாக வந்து, மூன்றடி மண்தான் கேட்டான். சுக்ராச்சாரியார் எச்சரித்தார். (உலகத்தின் முதல் ரிஸ்க் அனலிஸ்ட் அவர்தான்.) கமண்டலத்தின் மூக்கில் வண்டாகப் போய் அடைத்துப் பார்த்து, ஒரு கண்ணையும் இழந்தார். மகாபலி கேட்கவில்லை. கொடுத்தேன் என்று நீர் வார்த்தான். அதற்கப்புறம் நடந்ததைத் திருக்கோவிலூரில் தூக்கிய காலோடு பார்க்கலாம். போரே நடக்கவில்லை. ஒரு கையெழுத்துதான்.

இந்த ஊரில் அந்தப் பெயருக்கு இன்னொரு கனமும் உண்டு. புனேக்காரரான ஜோதிராவ் பூலே 1873-ல் எழுதிய 'குலாம்கிரி'யில் பலிதான் மண்ணின் நல்ல அரசன், வாமன் வெளியிலிருந்து வந்து நாட்டைப் பிடுங்கியவன். இன்றைக்கும் மராட்டிய விவசாயியை 'பலிராஜா' என்றுதான் அழைக்கிறார்கள். நார்லிகர் பூலேயை நினைத்துப் பெயர் வைத்தார் என்று சொல்ல வரவில்லை. ஆனால் புனேயில் உட்கார்ந்து படிப்பவனுக்கு அந்த நினைவு வராமல் இருக்காது. மூன்றடி கொடுத்தபின் நிலம் இழந்தவன் யார் என்ற கேள்வியும் கூடவே வரும்.

நம் பக்கத்துக்கு வந்தால், பெருங்கதையில் உதயணனைப் பிடித்தது ஓர் இயந்திர யானை. உள்ளே வீரர்கள். யானை என்றால் உயிரை விடுபவன் அவன் என்று தெரிந்து செய்த பொறி. ஆசைப்பட்டுப் பின்னால் போனான், மாட்டிக்கொண்டான். 80-களில் நார்லிகர் மராட்டியில் வாமனை எழுதிய அதே காலத்தில், பெங்களூர் பாரத் எலெக்ட்ரானிக்ஸில் இருந்துகொண்டு சுஜாதா 'என் இனிய இயந்திரா'வை ஆனந்த விகடனில் எழுதினார். இரண்டெழுத்துப் பெயர்தான் வைத்துக்கொள்ளலாம், குழந்தை பெற அரசு அனுமதி வேண்டும் என்று ஓர் ஆட்சி. அதில் இயந்திரம் எந்தப் பக்கம்? ஜீனோ என்ற ரோபோ நாய் நிலாவின் பக்கம், நம் பக்கம். கொடுமை செய்வது ஜீவா என்ற பெயரால் ஆளுகிறவர்கள். கதை நடக்கும் வருஷங்களை நாம் தாண்டியே வந்துவிட்டோம்.

சேபர்ஹேகனிடமும் 1978 சைலான்களிடமும் எதிரி வெளியிலிருந்து வருகிறான். வாமனிலும் பெருங்கதையிலும் ஜீனோவிலும் எவ்வளவு தேடினாலும் போர்க்களமே இல்லை. கேட்பவனும் கொடுப்பவனும் இருக்கிறார்கள். இயந்திரம் நல்லதா கெட்டதா என்பது இந்தக் கதைகளில் இரண்டாவது கேள்வி. யாருடைய கையால் நீர் வார்க்கப்பட்டது என்பதுதான் முதல் கேள்வி.

காகாவிடம் இதைச் சொன்னபோது அவர் தக்ஷ் பற்றிப் பேசினார். இதே புனேயில், திகியில் இருக்கும் ராணுவப் பொறியியல் ஆய்வகம் உருவாக்கிய ரோபோ. ரிமோட்டில் இயங்கும், படியேறும், வெடிகுண்டை எடுத்து செயலிழக்க வைக்கும். "குண்டு வெடிச்சா இரும்பு போகும். அதுக்குப் பதிலா ஒரு பையன் வீட்டுக்குப் போவான். இதுக்கு நான் சந்தோஷமா கையெழுத்துப் போடுவேன். எதுக்குப் போடறோம்னு தெரிஞ்சு போடணும், அவ்வளவுதான்."

இனி விரல் வெட்டிய கதை.

நான் ஆட்டோமேஷன் டெஸ்டிங் ஆள். பல வருஷத்துக்கு முன்னால், முன்பு வேலை பார்த்த இடத்தில் நான் எழுதிய ஸ்கிரிப்டுகள் நன்றாக ஓடின. ஆறு பேர் ஒரு வாரம் கையால் செய்யும் சோதனை ஒரே ராத்திரியில் முடிந்தது. பாராட்டுச் சான்றிதழ் கொடுத்தார்கள், வாங்கிக்கொண்டேன். அடுத்த காலாண்டில் அந்த ஆறு பேரில் நாலு பேருக்கு வேலை இல்லை. ஒருவன் கோவில்பட்டிக்காரன், எனக்குப் புனேயில் முதல் ரூம்மேட். போகிற அன்றைக்கு, "மாப்ள, உன் ஸ்கிரிப்ட் நல்லா ஓடுதுடா" என்றான். கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் இன்னமும் உறுத்துகிறது. "கம்பெனி முடிவு, நான் என்ன செய்ய" என்று இத்தனை வருஷமாகச் சொல்லி வந்திருக்கிறேன். அதாவது, மெஷின்தான்மா.

இப்போது வேறு இடம், வேறு பதவி. இந்த முறை ஸ்கிரிப்டைவிடப் பெரிய ஆள் வந்திருக்கிறான், தானே நிரல் எழுதும் செயற்கை நுண்ணறிவு. எந்தெந்த வேலையை அதனிடம் கொடுக்கலாம் என்று பட்டியல் போட்டு எக்ஸெல்லில் கொடுக்கச் சொல்லியிருக்கிறார்கள். வேலைகளின் பெயர்தான் கேட்டிருக்கிறார்கள், ஆட்களின் பெயர் இல்லை. ஆனால் ஒவ்வொரு வரியையும் தட்டும்போது ஒரு முகம் தெரிகிறது. மகள் அந்தக் கேள்வியைக் கேட்டபோது அந்த எக்ஸெல் பக்கத்து அறையில் பாதியில் திறந்து கிடந்தது.

போன ஞாயிறு அதை முடித்தேன். தக்ஷ் மாதிரியான வேலைகளை முதலில் எழுதினேன். யாரும் செய்ய விரும்பாத, ராத்திரி ரெண்டு மணிக்கு எழுப்பிவிடும் வேலைகள் அவை. மற்றவற்றுக்கு எதிரே, இதைக் கொடுத்தால் அதைச் செய்கிறவர் என்ன செய்வார் என்று ஒரு கட்டம் சேர்த்தேன். யாரும் கேட்காத கட்டம். மேலே இருப்பவர்கள் அழித்துவிடலாம். கடைசியில் 'பரிந்துரைத்தவர்' என்று ஒன்று சேர்த்து, டீம் பெயருக்குப் பதில் என் பெயரை எழுதினேன். சுக்ராச்சாரியார் ஆகிவிட்டேன் என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். நீர் வார்த்தவன் கையும் என்னுடையதுதான். அடுத்த முறை "கம்பெனி முடிவு" என்று சொல்ல முடியாது, அவ்வளவுதான்.

ராத்திரி கோவில்பட்டிக்காரனுக்கு போன் போட்டேன். ஊரில் கடை வைத்திருக்கிறான், நன்றாகவே இருக்கிறான். பில் போட ஒரு சாஃப்ட்வேர் சரியாக வேலை செய்யவில்லையாம், பார்த்துச் சொல்லடா என்றான். ஒரு மணி நேரம் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தோம். கேட்க நினைத்ததைக் கேட்கவில்லை.

மகள் அதற்குள் அந்த சீரியலை முடித்துவிட்டாள். 2003-ல் வந்ததை ஆரம்பித்திருக்கிறாள்.

"அப்பா, இதுல மனுஷங்கதான் சைலானைச் செஞ்சாங்களாம்!"

"ஆமாம்மா" என்றேன். வெண்டைக்காய் அன்றைக்கு இல்லை.